கடல் தண்ணீர் ஒரு சொட்டு

பாளையங்கோட்டையில் சத்தியநேசன் என்ற பெயரில் தெருவுக்கு ஒருவர் இருப்பார். இந்தச் சத்தியநேசன் யார் என்றால், மெஞ்ஞானபுரத்துப் பக்கமிருந்து வந்து குடியேறிய உபதேசியார் ஆசீர்வாதத்தின் பேரன். தந்தியாபீஸில் சேவகம் பார்த்த பொன்னையாவின் கடைசி மகன். மூத்தவள் ஞானசௌந்தரிக்கும் இவனுக்கும் நடுவே பிறந்த இரண்டும் நிற்கவில்லை. அதனால் அக்காள் பாதித் தாய். பெற்றவள் மஞ்சள் காமாலையில் போன பிறகு முழுத் தாய். இவன் கட்டியது அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன் மகள் சாலோமியை. சாலோமிக்குப் பின்னால் ஒரு தம்பி, ஹெப்ரான். திசையன்விளையில் ஆணி, குழாய், பெயிண்ட் விற்கிற கடை வைத்திருக்கிறான். இந்தக் கதைக்கு இவ்வளவு சொந்தம் போதும். மிச்சச் சொந்தம் ஊர் முழுக்கக் கிடக்கிறது. வினையும் அங்கிருந்துதான் வந்தது.

சத்தியநேசனுக்குக் கல்லூரியில் வேலை. விலங்கியல் பிரிவில் லேப் அட்டெண்டர். பாட்டிலில் மிதக்கிற பாம்புக்கும் கருவுக்கும் மருந்துத் தண்ணீர் மாற்றுவது, பிள்ளைகள் பார்த்து முடித்த கண்ணாடித் தகடுகளைக் கழுவித் துடைப்பது, மைக்ராஸ்கோப்புகளைப் பெட்டியிலிருந்து எடுத்து மேஜையில் வைத்துத் திரும்பப் பெட்டிக்குள் வைப்பது. பத்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அதற்கு மேல் யாரும் வேலை வைக்கவில்லை. ஒரே ஒரு வேலை மட்டும் அவனுக்கென்று இருந்தது. தை பிறந்து கடல் தெளிந்ததும் குலசை என்கிற குலசேகரன்பட்டினத்துக்குப் போய் கடல் முள்ளெலி கொண்டுவர வேண்டும்.

எலி என்றால் எலியில்லை. எலுமிச்சம்பழம் அளவுக்கு உருண்டையாக, உடம்பெல்லாம் முள்ளாக, பாறையிலும் மணலிலும் கிடக்கிற ஒரு பிராணி. வலையில் ஏறினால் மீன்காரர்கள் திட்டிக்கொண்டே கரையில் வீசுவார்கள். குலசையில் அசன் முகம்மது என்று ஒருவர், படகு இன்ஜின் பழுது பார்க்கிறவர், அவர் சொல்லிவைத்தால் வீசாமல் வாளியில் போட்டு வைப்பார்கள். சத்தியநேசன் அந்த வாளியையும், தனியாக ஒரு கேனில் கடல் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவான். தண்ணீர் சிந்தும், கண்டக்டர் ஏசுவார், பக்கத்தில் இருக்கிற பெண்பிள்ளை சேலையை இழுத்துக்கொள்ளும். முள்ளெலி உயிரோடு பாளையங்கோட்டை வந்து சேர்ந்தால் அன்றைக்கு அவனுக்குப் பெரிய சந்தோஷம்.

மறுநாள் வகுப்பு. அந்தப் பிராணியில் ஆணா பெண்ணா என்று மேலே பார்த்து எவராலும் சொல்ல முடியாது. வாய்ப் பக்கத்தில் ஊசியால் உப்பு மருந்து கொஞ்சம் ஏற்றிக் கண்ணாடிக் கிண்ணத்தின்மேல் கவிழ்த்து வைப்பார்கள். பெண்ணாக இருந்தால் தினைமாவு போல மஞ்சளாக முட்டை இறங்கும். ஆணாக இருந்தால் தேங்காய்ப்பால் போல வெள்ளை. அந்தப் பாலை அப்படியே வைத்திருந்தால் அதற்குள் இருக்கிற உயிரணுக்கள் தூங்கும். கடல் தண்ணீர் ஒரு சொட்டு பட வேண்டும். பட்டதும் வாலை அடித்துக்கொண்டு ஓட ஆரம்பிக்கும்.

அப்போது துறைக்குத் தலைவராக இருந்தவர் வைத்தீஸ்வரன் சார். அவர் முட்டை ஊறின தண்ணீரை மட்டும் மயிர் போன்ற ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து, குழாயின் நுனியை உயிரணு ஓடுகிற சொட்டுக்குள் வைப்பார். அதுவரை செக்குமாடு மாதிரி வட்டமடித்துக்கொண்டிருந்தவை கொஞ்ச நேரத்தில் குழாயின் வாயை வந்து மொய்க்கும். முட்டை அங்கே இல்லை. முட்டையின் மேலே இருக்கிற வழுவழுப்பிலிருந்து கரைந்துவந்த ஏதோ ஒரு ரசாயனம், அது மட்டும்தான் இருக்கிறது. நெல் அவிக்கிற வீட்டை வாசனையை வைத்துத் தேடிப் போகிற மாதிரிதான். வாசம் கூடினால் நேரே போகும். குறைந்தால் சடக்கென்று வளைந்து திரும்பும், மறுபடி பிடிக்கும். வேறு இனத்து முள்ளெலியின் முட்டைத் தண்ணீரை வைத்தால் அநேகமாகத் திரும்பிக்கூடப் பார்க்காது. முட்டை சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று நினைக்காதீர்கள், அது ஆளனுப்பி அழைக்கிறது என்பார் வைத்தீஸ்வரன் சார். பிள்ளைகள் பார்த்து முடித்துப் போன பிறகு சத்தியநேசனையும் கூப்பிட்டுக் காட்டுவார். ஒவ்வொரு தை மாதமும் பார்த்தான். அலுக்கவில்லை.

கல்யாணமாகி இரண்டாம் வருஷமும் சாலோமிக்கு ஒன்றும் தங்காதபோது, பெண் டாக்டரிடம் போனார்கள். அந்த அம்மாள் சாலோமியைப் பார்த்துவிட்டு, முதலில் வீட்டுக்காரருக்குச் சோதனை செய்துவிடுவோம், அதுதான் சுலபம், அதைத் தெரிந்துகொண்டு இவளுக்கு மாத்திரை ஆரம்பிக்கலாம் என்றார். எந்த இடத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார்.

அந்த இடத்தில் இருந்தவன் எஸ்றா. ஞானசௌந்தரியின் கொழுந்தன். ஊசி குத்தி ரத்தம் எடுப்பது முதல் மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதுவது வரை அங்கே அவன்தான். ஊரில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு மேகநோய் என்பதெல்லாம் எஸ்றா வழியாக மதினி ஞானசௌந்தரிக்கும், அவள் வழியாக ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயில் வாசலில் செருப்புத் தேடுகிற நேரத்துக்குள் எல்லாருக்கும் வந்து சேரும். சரி, அது வேண்டாம், ஜங்ஷன் பக்கம் போகலாம் என்றால் அங்கே பெரியம்மா மகள் வேலை பார்த்தாள். நாசரேத்தில் சித்தப்பா மகன். பாளையங்கோட்டைச் சபையில் பிறந்தவன் சொந்தக்காரன் கண்ணில் படாமல் ஒரு குப்பியை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது?

சத்தியநேசன் கையில் கல்லூரிச் சாவி இருந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஆள் இல்லாத நேரம், லேப்பைத் திறந்து உள்ளே தாழ் போட்டான். எதைச் சோதிக்க வேண்டுமோ அதை ஒரு கிண்ணத்தில் எடுத்தான். அந்த வாரம்தான் முள்ளெலி வகுப்பு முடிந்திருந்தது. கேனில் கடல் தண்ணீர் மிச்சமிருந்தது. தனக்குத் தெரிந்த முறைப்படியே செய்தான். தகட்டில் துளி வைத்தான். தூங்குவதை எழுப்ப வேண்டுமே, கடல் தண்ணீர் ஒரு சொட்டு விட்டான். குனிந்து பார்த்தான்.

எல்லாம் கிடந்தன. எண்ண முடியாத அளவுக்குக் கிடந்தன. ஒன்றுகூட அசையவில்லை.

கைத்தவறாக இருக்குமோ என்று இன்னொரு தகடு வைத்தான், இன்னொரு சொட்டு விட்டான். அதுவும் அப்படியே. ஐஸில் வைத்திருந்த முள்ளெலிப் பால் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதை அதே தண்ணீரில் விட்டுப் பார்த்தான். அது பொங்கி எழுந்து ஓடியது. தண்ணீரில் பழுதில்லை. மைக்ராஸ்கோப்பில் பழுதில்லை. அப்படியென்றால் பழுது எங்கே என்பதற்கு யாரும் அவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தகடுகளைக் கழுவித் துடைத்து அடுக்கிவிட்டு வெகுநேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். வைத்தீஸ்வரன் சாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். யாருடையது என்று அவர் கேட்டுவிட்டால்?

வீட்டுக்கு வந்து சாலோமியிடம், மதுரைக்குப் போய் சோதனை கொடுத்துவிட்டு வந்துவிட்டேன், எனக்கு ஒரு குறையும் இல்லை என்றான். பொய் சொல்கிறோம் என்று நினைத்துத்தான் சொன்னான். அக்காளிடமும் அதையே சொன்னான். எஸ்றாவைத் தாண்டி மதுரைக்குப் போனதில் அக்காளுக்குக் கொஞ்சம் வருத்தம். தம்பிக்குக் குறையில்லை என்றதில் அது போய்விட்டது.

அதன் பிறகு எல்லாம் சாலோமி உடம்பில் நடந்தது. கர்ப்பக் குழாய்க்கு மருந்து ஏற்றிப் படம் பிடித்தார்கள். வயிற்றைச் சுரண்டினார்கள். குமட்டலும் தலைச்சுற்றலும் தருகிற மாத்திரைகள். டாக்டரம்மாள் நாள் குறித்துச் சொல்வார்: இந்த மாதம் இன்ன நாளிலிருந்து இன்ன நாள் வரைக்கும் முட்டை வெளியே வரும், வீட்டுக்காரரை ஊரைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள். சாலோமி அதை மனப்பாடமாக வைத்துக்கொண்டு வந்து கணவனிடம் தலையைக் குனிந்துகொண்டு சொல்வாள்.

முதல் மாதம் சத்தியநேசன் வீட்டில் இருந்தான். அதன்பின் அவள் குடம் தூக்காமல் நடந்ததையும், பப்பாளித் துண்டை ஒதுக்கி வைத்ததையும், ராத்திரி ஜெபத்தில் அவள் உதடு கூடுதல் நேரம் அசைந்ததையும் பார்த்தான். பிறகு ஒருநாள் குளியலறைக் கதவுக்குப் பின்னால் அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுததையும் கேட்டான். செத்த வித்தை வைத்துக்கொண்டு இவளுக்கு ஆசை காட்டுகிறோமே என்று அவன் நெஞ்சு வெந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் அது முடிந்திருக்கும். சொல்லவில்லை. நாம் பக்கத்தில் போனால்தானே இவள் எதிர்பார்ப்பாள், போகாவிட்டால் அழுகையும் இல்லை என்று ஒரு கணக்குப் போட்டான். அடுத்த மாதம் டாக்டரம்மாள் சொன்ன நாள் வந்தபோது, துறையில் முள்ளெலி கேட்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு குலசைக்குப் பஸ் ஏறினான்.

அதுவே பழக்கமாகிவிட்டது. ஆடி மாதத்தில், காற்று கூரையைப் பிய்க்கிற நேரத்தில், வெறும் வாளியோடு போய் நின்றிருக்கிறான். அசன் முகம்மது இன்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“என்னவே, இந்த மாசத்துல என்னத்த முள்ளெலி? கடலே பொரண்டு கெடக்கு, படகே எறங்கல.”

“சும்மா பாக்க வந்தேன் பாய்.”

“பாரும், பாரும். கடலப் பாக்க காசா பணமா. ஆனா இப்பிடி மாசந்தவறாம வந்து பாக்குத ஆள நான் பாத்ததில்ல. ஊட்டுல ஏதும் அடிதடியா வே?”

அவன் சிரித்து மழுப்பினான். பள்ளிவாசல் பக்கத்தில் தெரிந்தவர் வீட்டில் படுத்துக்கொண்டு, அந்த நாட்கள் கழிந்த பிறகு ஊர் திரும்புவான். டாக்டரம்மாள் மாத்திரையை மாற்றிப் பார்த்தார். கணவன் ஊரில்தான் இருந்தாரா என்று கேட்டபோதெல்லாம் சாலோமி இருந்தார் என்றாள். கட்டினவன் அந்த நாள் பார்த்து ஓடுகிறான் என்று எந்தப் பெண் வாய்விட்டுச் சொல்வாள்? சில வருஷத்துக்குப் பின்னால் டாக்டரிடம் போவதை நிறுத்தினாள். தையல் மிஷின் ஒன்று வாங்கிப்போட்டு, பள்ளிக்கூடச் சீருடை தைக்கத் தொடங்கினாள். காலால் மிதிக்கிற மிஷின். காலையில் அந்தச் சத்தம் தொடங்கினால் விளக்கு வைக்கிற நேரம் வரை கேட்கும்.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையை வீட்டிலிருந்து கோயிலுக்குத் தூக்கிப் போகிறவள் தானும் பிள்ளை பெற்ற வயிறாக இருக்க வேண்டும். வேதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. சபைப் போதகரான ஐயரிடம் கேட்டால் சிரிப்பார். ஆனாலும் பொன்னையா வீட்டில் அது மாறினதில்லை. ஞானசௌந்தரிக்கு மூன்று பிள்ளைகள், அவர்களுக்குப் பிறந்தவை ஐந்தாறு. ஒவ்வொரு தடவையும் சாலோமி வெங்காயம் உரிப்பாள், இலை எடுப்பாள், பாத்திரம் கழுவுவாள். பிள்ளையைக் கையில் கொடுக்கும்போது மட்டும் ஞானசௌந்தரி அவளைத் தாண்டி அடுத்தவளிடம் நீட்டுவாள். வாய் திறந்து ஏசினால்கூடப் பதில் சொல்லலாம். நீட்டுகிற கைக்கு என்ன பதில் சொல்வது? ஒரே ஒரு தடவை, யாரோ ஒரு பெண் கேட்டபோது ஞானசௌந்தரி சொன்னாள்: “எங்க தம்பிக்கு ஒண்ணுமில்லம்மா. மதுரையில போயி பாத்தாச்சு. இவதான்.” சத்தியநேசன் அப்போது பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அங்கேதான் நின்றான்.

வருஷங்கள் போயின. வைத்தீஸ்வரன் சார் ஓய்வுபெற்றுப் பெங்களூர்ப் பக்கம் மகனிடம் போனார், அங்கேயே இறந்தார். சாலோமிக்கு மாதவிலக்கு நின்றது. நின்றதில் சத்தியநேசனுக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. இனி யாரும் எதையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. குலசைக்குப் போவது மறுபடி தை மாதத்து வேலை மட்டுமாக ஆயிற்று.

போன தையில் வகுப்பெடுத்தது ப்ரீதா. புதிதாக வந்த பெண், கல்லிடைக்குறிச்சிக்காரி, வாயும் கையும் ஒன்றாக ஓடும். குழாயைச் சொட்டுக்குள் வைத்துக் காட்டினாள். பிள்ளைகள் வரிசையாக வந்து குனிந்து பார்த்தார்கள். மனுஷரிலும் இப்படித்தானா என்று ஒரு மாணவி கேட்டாள். பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழுந்தது. ப்ரீதா சிரிக்கவில்லை. மனுஷ முட்டையைச் சுற்றியிருக்கிற நீரிலும் இழுக்கிற சங்கதி உண்டு என்றாள். எல்லா உயிரணுவுக்கும் அது ஒரே நேரத்தில் தெரியாது, கொஞ்சத்துக்குத்தான் தெரியும், அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். அப்படியென்றால் அதையும் இதே மாதிரி பார்க்கலாமா என்று அந்தப் பெண் விடவில்லை. பார்க்கலாம், ஆனால் இந்தத் தண்ணீரில் முடியாது என்றாள் ப்ரீதா. ஒவ்வொன்றுக்கும் அதற்கான நீர் வேண்டும். ஆற்று மீனுடையது ஆற்றுத் தண்ணீரில் எழும். கடல் பிராணியுடையது கடலில் எழும். உடம்புக்குள்ளேயே வேலை முடிகிற பிராணிகளுக்கு உடம்பு நீர்தான்.

கழுவ வேண்டிய தகடுகளை ட்ரேயில் எடுத்துக்கொண்டிருந்த சத்தியநேசன் நின்றான். இத்தனை வருஷத்தில் வகுப்பு நடுவே அவன் வாய் திறந்ததில்லை.

“கடல் தண்ணியில விட்டா அது ஓடாதாம்மா?”

“எது அண்ணாச்சி, மனுஷனுதா? எப்படி ஓடும்? அத்தனை உப்புல சுருங்கி அப்படியே நின்னுரும்.”

“நல்லா இருக்கதும் நின்னுருமா?”

“எவ்வளவு நல்லா இருந்தாலும் நின்னுரும் அண்ணாச்சி. உப்புல போட்ட நார்த்தங்காதான்.”

பிள்ளைகள் சிரித்தார்கள். சத்தியநேசன் ட்ரேயைக் கீழே போடவில்லை. பைய மேஜையில் வைத்தான். வைத்துவிட்டு வெளியே வந்து, வேப்பமரத்தடியில் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நின்றான். தண்ணீர் குடித்தான். மறுபடியும் குடித்தான்.

மதுரைக்குப் போனான், இந்தத் தடவை நிஜமாகவே. அங்கே இருந்த இளவயது டாக்டர் முடிவைப் பார்த்துவிட்டு, வயதுக்குக் கொஞ்சம் குறைவு, மற்றபடி நன்றாகவே இருக்கிறது, இந்த வயதில் எதற்காகப் பார்க்க வந்தீர்கள், பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தான். பொய் என்று நினைத்துச் சொன்ன சொல் இத்தனை காலமும் மெய்யாகவே இருந்திருக்கிறது. மெய் என்று நெஞ்சுக்குள் பூட்டி வைத்ததுதான் பொய்.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்று நினைக்காமல் இல்லை. சில நாள் அப்படியே ஓட்டினான். சாப்பாடு இறங்கவில்லை. ஒரு காலையில் அவள் மிஷினில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். எஸ்றா, சனிக்கிழமை மத்தியானம், கேன், சொட்டு, மதுரைக்குப் போகாமலே போனதாகச் சொன்னது, ப்ரீதா சொன்னது, இப்போது நிஜமாகப் போய்வந்தது.

சாலோமி தைத்துக்கொண்டிருந்த ஓரத்தைக் கடைசி வரை தைத்தாள். நூலைப் பல்லால் கடித்தாள்.

“அப்ப மாசாமாசம் கடலுக்குப் போனது?”

“ஒனக்கு வீணா ஆசை காட்டக் கூடாதுன்னு... நீ அழுததப் பாக்க முடியல.”

“என்னையப் பாத்தா ஒங்களுக்கு அருவருப்பா இருக்குன்னுலா நான் நெனச்சேன் அத்தான்.” குரல் உயரவில்லை. “மலடி பக்கத்துல படுக்கப் பிடிக்காமப் போறாவன்னு. அந்த நாளு வந்துச்சின்னா மூணு நேரம் குளிப்பேன், தெரியுமா? ஏதோ எம்மேல நாத்தம் அடிக்கி போலன்னு.”

அவள் அடுத்த துணியை எடுத்து ஊசிக்கடியில் வைத்தாள். அன்றைக்கு மிஷின் சத்தம் வழக்கம் போலவே கேட்டது. ஆனால் அவனோடு பேச்சு நின்றுபோயிற்று. சோறு வைப்பாள், தண்ணீர் வைப்பாள். அவ்வளவுதான்.

ஞானசௌந்தரியின் கடைசி மகனுக்குப் பிறந்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் வந்தது. அழைத்துவிட்டுப் போனார்கள். அழைத்தவர்கள் தெரு திரும்பின பிறகுதான் சாலோமி வாய் திறந்தாள்.

“எனக்கு இனி பிள்ளையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். பிள்ளையத் தூக்கவும் வேண்டாம். மதினி முன்னால நீங்க ஒத்தச் சொல்லு சொல்லணும். டாக்டர் சொன்ன நாள்ல எல்லாம் நான் வீட்டுலயே இல்ல, இவ பக்கத்துல போகலன்னு. அது போதும் எனக்கு.”

“சொல்லுதேன்.”

“அத மட்டும் சொன்னாப் போதும். வேற கதையெல்லாம் வேண்டாம்.”

“சொல்லுதேன்னு சொல்லுதேன்லா.”

ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அக்காள் வீட்டுக்குப் போனார்கள். பின்கட்டில் நாளைய விருந்துக்கு வெங்காயமும் பூண்டும் உரித்துக்கொண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஞானசௌந்தரி முட்டுவலிக்காரி, பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து மேற்பார்வை செய்தாள். சாலோமி போனதும் தரையில் உட்கார்ந்து அரிவாள்மணையை இழுத்துக்கொண்டாள். சத்தியநேசன் அக்காளுக்கு எதிரில் படியில் உட்கார்ந்தான். அக்கா, ஒரு சங்கதி சொல்லணும் என்றான்.

கடல் தண்ணீரிலிருந்துதான் ஆரம்பித்தான். அதுதான் சொல்லச் சுலபமாக இருந்தது. எஸ்றாவுக்குப் பயந்து லேப்பைப் பூட்டிக்கொண்டு தானே பார்த்ததையும், முள்ளெலிக்கு விடுகிற தண்ணீரையே விட்டதையும், எல்லாம் செத்துக் கிடந்ததையும், அதையே உண்மை என்று நம்பினதையும், மதுரை என்று பொய் சொன்னதையும் சொன்னான். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். ஒருத்தி தாங்க முடியாமல் எழுந்து உள்ளே ஓடினாள். ஞானசௌந்தரி முதலில் முழித்தாள். விளங்கினதும் நாற்காலி ஆட ஆடச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“ஏலே கூறுகெட்டவனே, ஊறுகாயா போட்டுப் பாத்த? இப்ப என்னலே சொல்லுதாவ மதுரையில?”

“நல்லா இருக்காம்க்கா. அப்பவும் நல்லாத்தான் இருந்திருக்கும்.”

ஞானசௌந்தரி சிரிப்பை நிறுத்தினாள். கண்ணைத் துடைத்தாள். “அப்ப நான் சொன்னது சரிதான? எங்க அய்யா வழியில ஒரு குறையும் வராதுன்னு நான் அன்னைக்கே சொன்னேன்லா. இவந்தான் பாவம், பைத்தியம் பிடிச்ச மாதிரி தம்மேலயே சந்தேகப்பட்டிருக்கான். கொற எங்கன இருந்துச்சோ அங்கனதான் இருந்துருக்கு.”

யாரும் சாலோமியைப் பார்க்கக் கூடாது என்று நினைத்ததால் எல்லாரும் பார்த்தார்கள். அவள் அரிவாள்மணையில் பாதி வெட்டின வெங்காயத்தைப் பிடித்தபடியே கணவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொல் தொண்டை வரைக்கும் வந்திருந்தது. எனக்கு நல்லா இருந்து என்ன, நான் அவ பக்கத்துல போகலையே அக்கா. இவ்வளவுதான். ஆனால் எதிரில் உட்கார்ந்திருக்கிறவள் அவனைக் குளிப்பாட்டி, தலைவாரி, கால்கழுவி விட்டவள். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் மருமக்களும் அவர்களுடைய மதினிமார்களும். கட்டினவள் பக்கத்தில் படுக்காமல் ஓடினேன் என்று இந்த வட்டத்தின் நடுவே எப்படிச் சொல்வது? செத்த வித்து என்று தன்னைச் சொல்ல முடிந்தது, ஏனென்றால் அது இல்லை என்று ஆகிவிட்டது. இது உண்மை. யாரோ செம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். வாங்கிக் குடித்தான்.

“அத்தான், சொல்லி முடிச்சிட்டியளா?” என்றாள் சாலோமி.

அவன் செம்பைக் கீழே வைத்தான். “முடிச்சிட்டேன்” என்றான்.

அவள் வெங்காயத்தை வெட்டி முடித்துச் சுளகில் தள்ளினாள். குழாயடியில் கையைக் கழுவினாள். நல்லது மதினி, வாரேன் என்று ஞானசௌந்தரியிடம் சொல்லிக்கொண்டாள். அவன் எழுந்து பின்னால் வந்தபோது, வேண்டாம், நீங்க நாளைக்கு நின்னு எல்லாத்தையும் பாத்து வாங்க என்றாள்.

மறுநாள் ஞானஸ்நானம் முடிந்து, பந்தி முடிந்து, இலை எடுத்து வீட்டுக்கு வந்தான். தையல் மிஷின் இருந்த இடத்தில் நாலு கால் தடமும் தூசியும்தான் இருந்தன. ஹெப்ரான் சரக்கு ஏற்றுகிற வண்டியோடு வந்து அக்காளையும் மிஷினையும் ஏற்றிக்கொண்டு திசையன்விளைக்குப் போய்விட்டான் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். அடுப்பில் ஒருநேரத்துக்குச் சோறு இருந்தது.

தம்பி மனைவிக்கு உடம்பு சரியில்லை, துணைக்குப் போயிருக்கிறாள் என்று கேட்டவர்களிடம் சொன்னான். ஞானசௌந்தரியோ, இந்த வயசுல என்ன ரோஷம், உண்மையைச் சொன்னா எரியத்தான் செய்யும் என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

சித்திரையில் ஒருநாள் திசையன்விளைக்குப் போனான். ஹெப்ரான் கடைக்குள் ஒரு ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னான், காப்பி வரவழைத்தான். கடைக்குப் பின்னால்தான் வீடு. மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அக்கா, அத்தான் வந்திருக்காவ என்று ஹெப்ரான் உள்ளே பார்த்துச் சொன்னான். மிஷின் நின்றது. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

சத்தியநேசன் காப்பியைக் குடித்தான். அப்புறம், வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரம் பார்த்து, ஹெப்ரானிடம் அதைச் சொன்னான். டாக்டர் சொன்ன நாளில் எல்லாம் நான் வீட்டில் இல்லை, அவள் பக்கத்தில் போகவில்லை, அவள்மேல் குறை என்று யாரும் சொல்ல முடியாது. சொல்லி முடித்ததும் உடம்பு லேசான மாதிரி இருந்தது.

ஹெப்ரான் ஆணியைத் தராசில் போட்டுக்கொண்டே கேட்டான். கடைசியில் நிமிர்ந்தான்.

“இத எங்கிட்ட சொல்லி என்ன செய்ய அத்தான்? அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரியாதவ பாளையங்கோட்டையில இருக்கா. அங்கன சொல்லிட்டு வாங்க. பெறவு நானே அக்காவக் கூட்டிட்டு வாரேன்.”

சரி என்றான். இன்றைக்கே சொல்லிவிடுகிறேன் என்றான். நிஜமாகவே அப்படி நினைத்துத்தான் பஸ் ஏறினான். வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே வந்தான். செம்மண் தேரி மேடு போய் வயல் வந்தது, வயல் போய் ஊர் வந்தது. சமாதானபுரம் நிறுத்தத்தில் இறங்கி இரண்டாவது தெருவில் திரும்பினால் அக்காள் வீடு. அவன் வீட்டுக்கு இன்னும் ஒரு நிறுத்தம் போக வேண்டும்.

கண்டக்டர் சமாதானபுரம் என்று கூவினார். சத்தியநேசன் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். முன்னால் நின்ற ஆள் இவனுக்காக ஒதுங்கி வழிவிட்டான். இரண்டு பெண்கள் இறங்கினார்கள், ஒரு கிழவர் ஏறினார். இறங்கலையா அண்ணாச்சி என்று கண்டக்டர் கேட்டார். அடுத்ததுதான் என்று சொல்லிவிட்டுச் சத்தியநேசன் உட்கார்ந்தான். கண்டக்டர் விசில் கொடுத்தார்.